ஆறு வாரத்தில் மீண்டும் வரவும்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். சன்னலோர நாற்காலியில் அம்மா. அவள் பக்கத்தில் முக்காலியில் சித்தி. சோபாவில் உன் அத்தானும் மாப்பிள்ளையும், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. நீ தரையில், சுவரில் சாய்ந்து, வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு. நான் சமையலறை வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே. வேறு யாரும் இல்லை. யார் முன்னால் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குச் சரியாக நினைவிருக்க வேண்டும், அதனால் எழுதி வைக்கிறேன்.

நீ கர்ப்பப்பையை எடுத்துவிடப் போவதாகச் சொன்னதும் சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஒரு புள்ளை பொறந்துட்டா எல்லாம் தானா சரியாயிடும்டி. முப்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா?"

"சித்தி, நாலு வருஷமா புள்ளை தங்கலைன்னுதான் டாக்டர்கிட்டயே போனேன். சாவியைத் தொலைச்சவகிட்ட, கதவைத் திறந்து உள்ள போய்த் தேடுன்னு சொல்றீங்களே!" என்றாய். உன் அத்தான் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "எடுத்துட்டு வந்து என் முகத்துல முழிக்காதே" என்றாள்.

அப்போது நீ என் பக்கம் திரும்பினாய். "அக்கா, உனக்கு எடுத்துப் பதினொரு வருஷம் ஆச்சு. இப்ப வலி இருக்கா? உண்மையைச் சொல்லு."

"துளிகூட இல்லை. ஆண்டவன் புண்ணியம்" என்றேன்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல எல்லாரும்?" என்று எழுந்தாய். சாப்பிடக்கூட இல்லை. மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் ஓடினார். அம்மா சொன்ன சொல்லுக்கு நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அந்தக் கோபம் உனக்கு நியாயம்தான்.

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என்னால் பேச முடியாது, அம்மா ரிசீவருக்குள்ளேயே காதை வைத்திருக்கிறாள். அதனால்தான் கடிதம். தேதி குறித்துவிட்டார்களா? எந்த டாக்டர்? தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. நான் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுக்காதே. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. தினமும் உனக்காகப் பிரார்த்தனை செய்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

ஆறு பேர் பட்டியல் பிரமாதம். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவள் மாதிரி எழுதியிருக்கிறாய். சித்தி முக்காலியில் உட்கார்ந்திருந்தது வழக்குக்கு எந்த விதத்தில் உதவும் என்றுதான் தெரியவில்லை.

தேதி குறித்தாயிற்று. மார்ச் ஒன்பது. கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை, எல்லாம் ஒரே நாளில். "சின்ன வயசுல சினைப்பையையும் எடுத்தா எலும்பு தேயும், உடம்பு தீயா எரியும், அதுக்குத் தனியா மாத்திரை போடணும்" என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் முப்பது பேர்.

உனக்கு முழுக் கதையும் தெரியாது, சொல்கிறேன். என் நோய்க்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சதை போல ஒன்று வெளியிலும் முளைத்திருக்கிறது. மாதாமாதம் அதுவும் சேர்ந்து கசிகிறது. போக வழி இல்லாமல் அங்கேயே உறைந்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. முதலில் எட்டு மாதம் மாத்திரை. தினமும் கசிவு, காரணமில்லாத அழுகை. அடுத்து ஊசி, மூன்று மாதம். வலி குறைந்தது, ஆனால் அறுபது வயதுக் கிழவி ஆனேன். ஊசியை நிறுத்தியதும் வலி வட்டியோடு வந்தது. இரண்டு வருடம் முன்பு துளை போட்டு ஒரு கட்டியை எடுத்தார்கள். சாக்லேட் கட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இனிப்பாக. பதினாலு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

போன செவ்வாய்க்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட, சக்கரத்தில் விளிம்பை உருட்ட வேண்டும். கை நடுங்கினால் போயிற்று. பாதியில் வலி வந்தது. கண் இருட்டியது. லென்ஸ் ஃபிரேமுக்குள் லொடலொடவென்று ஆடுகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. நான் மெஷினுக்குப் பின்னால் ஈரத் தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "மாசாமாசம் உனக்கு என்னம்மா அப்படி ஒரு சீக்கு?"

"சம்பளத் தேதிக்கு உங்களுக்கு வருமே சார், அதே சீக்குதான்" என்றேன். ஃபிரேம் மாட்டுகிற பெரியவர் சிரிப்பை அடக்க முடியாமல் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். வேலை இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்காதே. லிப்ட் நடுவில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் "பதறாதீங்க, வந்துட்டேன்" என்று கத்துவதுதான் இவர் பிழைப்பு. என்னிடம் "உன் உடம்பு, உன் முடிவு" என்று சொல்லிவிட்டு, துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கெட்டவர் இல்லை. பயம்.

குழந்தை வேண்டாம் என்று எனக்கு இல்லை, அக்கா. அந்த ஆசையை எடுத்து வைத்துப் பார்க்கக்கூட வலி விடுவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு மாதம், ஒரே ஒரு முழு மாதம், வலியில்லாமல். அப்படி ஒரு மாதம் உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆதாரம் நீ. அதனால் "ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளாதே" என்றெல்லாம் எழுதாதே. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வாலு


பிப்ரவரி 15

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

ஆஸ்பத்திரிக்கு இடுப்பில் இறுக்காத, தளர்ந்த உடைகளாக எடுத்துக்கொள். இருமல் வந்தால் வயிற்றில் அழுத்திக்கொள்ள ஒரு சின்னத் தலையணை வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். உதட்டுக்குத் தடவ ஏதாவது வைத்துக்கொள், வாய் வறண்டு வெடிக்கும். அம்மா நன்றாக இருக்கிறாள். உன்னைப் பற்றி நேராகக் கேட்பதில்லை. தபால்காரர் வந்தாரா என்று மட்டும் கேட்கிறாள்.

டாக்டரிடம் நீ சில விஷயங்கள் கேட்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். குடல் பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்களா? மலம் போகும்போது அடியிலிருந்து மேலே கத்தி ஏறுவது போல இருக்கிறதா என்று அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீயே சொல், கூச்சப்படாதே. கர்ப்பப்பையை எடுத்த பிறகு, வெளியே ஒட்டியிருப்பது என்ன ஆகும்? அது தானாக உதிர்ந்துவிடுமா, அங்கேயே இருக்குமா? உதிரம் வருவது நின்ற பிறகும், வர வேண்டிய அதே தேதிக்கு வலி மட்டும் வந்து போகுமா? கட்டாயம் இதைக் கேள். காலில் இறங்குமா, வலது தொடையின் உள்பக்கமாக, என்றும் கேள்.

பதிலை எனக்கு எழுது. தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்றும் பார். ஆண்டவன் நல்ல வழி காட்டுவான்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

உன் கேள்விகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவில்லை. அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு கேள்வி.

மலம் போகும்போது கத்தி ஏறும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இவரிடம் சொன்னதில்லை. டாக்டரிடமே சொன்னதில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. நீ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நோட்டீஸ், காலண்டர், பிரார்த்தனைப் புத்தகம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எழுத்துக் கூட்டித்தான் படிக்கக் கற்றுக்கொண்டாய். டாக்டர் புத்தகம் எதுவும் நம் வீட்டில் இல்லை. பின்னே எப்படித் தெரியும்?

"வலது தொடையின் உள்பக்கமாக" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இடது பக்கம், அக்கா.

யாருடைய வலது தொடை அது?

தேதிக்குப் பதினேழு நாள் இருக்கிறது. பிரார்த்தனை எல்லாம் அப்புறம் செய்யலாம். எனக்கு நேராகப் பதில் எழுது.


பிப்ரவரி 24

வாலு,

என்னுடையதுதான்.

இதைத் தபாலில் போடவில்லை, கூரியரில் அனுப்புகிறேன். இதோடு நான்கு தாள் இருக்கும். மூன்று தாள் என் நோட்டிலிருந்து பார்த்து எழுதியவை. நான்காவது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு வலி போகவில்லை. நான் தினப்படி நோட்டு எழுதுவது உனக்குத் தெரியும். பால் வந்தது, தண்ணீர் வராதது, சிலிண்டர் மாற்றியது. ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் வலிக்கு வைத்திருக்கிறேன். எழுந்து வேலை செய்ய முடிந்த வலிக்குப் புள்ளி. படுத்துவிட்டால் பெருக்கல் குறி. எதுவும் இல்லாவிட்டால் வெற்றிடம். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆண்டவன் பார்க்கிற நோட்டு, அதில் பொய் எழுதக் கூடாது என்று நினைத்தேன். மனிதர்களிடம் சொன்னதுதான் பொய்.

எப்படி ஆயிற்று என்று கேட்பாய். ஆப்பரேஷனுக்கு முன்னால் நம் பிரார்த்தனைக் கூட்டத்துப் பெண்கள் எனக்காக வாரக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். ஐந்தாவது வாரம் மெல்ல நடந்து கூட்டத்துக்குப் போனேன். "எழுந்து சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?" என்றார்கள். அன்று உண்மையாகவே வலி இல்லை. எழுந்து, "குணமாயிட்டேன்" என்றேன். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். அதற்கு அடுத்த வாரம் டாக்டர் திரும்ப வரச் சொல்லியிருந்தார். உன் அத்தான் லீவு கூடச் சொல்லி வைத்திருந்தார். நான்தான் மறுத்தேன். அத்தனை பேர் முன்னால் குணமாயிற்று என்று சொல்லிவிட்டு மறுபடி டாக்டர் வாசலில் நின்றால், ஆண்டவனை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? உன் அத்தானுக்கும் நிம்மதி. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது போதும் என்றிருந்தார்.

மூன்றாம் மாதம் வந்தது. உதிரம் இல்லை. வலி மட்டும், அதே தேதிக்கு. சோதனை என்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்களின் பட்டினிக்கு என்ன மதிப்பு? ஆண்டவனை யார் பொய்யன் ஆக்குவது? வருடத்துக்கு ஒரு முறை, அந்தத் தேதியில் என்னை எழுப்பிச் சொல்லச் சொல்வார்கள். முதல் தடவை சொன்னது உண்மை. அதன் பிறகு சொன்னதெல்லாம் பொய். ஒரு வருடம் இடுப்பில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, மேலே போர்த்தி மறைத்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னேன்.

இதைவிடக் கனமானது ஒன்று இருக்கிறது. உனக்கு இருபத்தொரு வயதில், விடுதிக் குளியலறையில் விழுந்து கிடந்தாய் என்று உன் வார்டன் போன் செய்தாளே, அன்று நான் வந்தேன். "பொறுத்துக்கோ, வேண்டிக்கோ. எனக்குப் போன மாதிரி உனக்கும் போயிடும்" என்று உன் தலையைத் தடவினேன். அந்தத் தேதியை நோட்டில் பார்த்தேன். பெருக்கல் குறி இருக்கிறது.

நான்காவது தாளைப் பற்றி. நன்றிக்கு அடையாளமாக அதை நான் கும்பிடும் அலமாரியில் வைத்தேன். இத்தனை வருடம் அங்கேதான் இருந்தது. ஆங்கிலம், அதுவும் டாக்டர் எழுத்து. எனக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். குணமான பிறகு அதைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று யாரிடமும் காட்டவில்லை. நீ படி. அல்லது படிக்கத் தெரிந்த ஒரு டாக்டரிடம் காட்டு.

ஒன்பதாம் தேதிக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும். வந்ததும் ஒரு வரி எழுது.

அக்கா


மார்ச் 10

அக்கா,

நேற்று எனக்கு ஆப்பரேஷன் நடக்கவில்லை. ரத்து செய்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைப் படிக்க உனக்குக் கை ஓடாது.

உன் நோட்டுத் தாள்களையும் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த நோய்க்கென்றே தனியாக உட்கார்கிற டாக்டரம்மா. ஒன்றரை மணி நேரம் பேசினாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உன் புள்ளிகளையும் பெருக்கல்களையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "இவ்வளவு ஒழுங்கா எழுதி வெச்ச பேஷன்டை நான் பார்த்ததே இல்லை. இவங்க எங்க?" என்றாள். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

சீட்டைப் படித்துச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், அப்படியே தருகிறேன்.

"கர்ப்பப்பை அகற்றப்பட்டது. அதன் பின்புறம், குடலின் மேல், நோய் ஒட்டியுள்ளது. இந்த அறுவையில் அது எடுக்கப்படவில்லை. மேற்கொண்டு சிகிச்சை பற்றிப் பேச ஆறு வாரத்தில் மீண்டும் வரவும். தங்கைக்கும், வயது 21, இதே போன்ற வலி இருப்பதாக நோயாளி கூறுகிறார். அவரையும் அழைத்து வரவும்."

அவரையும் அழைத்து வரவும்.

நீதான் என்னைப் பற்றி உன் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாய். அவர் எழுதியும் வைத்திருக்கிறார். அந்தத் தாளுக்கு முன்னால் தினமும் விளக்கு ஏற்றியிருக்கிறாய், அக்கா. என் பெயரில்லாமல் என்னைக் கூப்பிட்ட தாள் அது. பதினொரு வருடம். எனக்கு அப்போது கட்டிகூட வந்திருக்கவில்லை. "அப்பவே வந்திருந்தா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாதும்மா, சொன்னா அது ஊகம்" என்றாள். நல்லவள். ஆனால் நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஊகித்துக்கொண்டேதான் வந்தேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. இப்போது அதற்கு நேரமும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் குடலில் ஒட்டியிருக்கிறது, ஸ்கேன் படத்தில் தெரிகிறது. முதல் டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் சொன்னபடி எடுத்திருந்தால் கர்ப்பப்பையும் போயிருக்கும், சினைப்பையும் போயிருக்கும், குடலில் இருப்பது அப்படியே இருந்திருக்கும். இந்த டாக்டரம்மா, குடல் டாக்டர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு, ஒட்டியிருப்பதை எல்லாம் சுரண்டி எடுப்பாளாம். நீளமான ஆப்பரேஷன். குடலில் ஒரு துண்டு வெட்ட வேண்டி வந்தால், சில மாதம் மலம் சேர வயிற்றுக்கு வெளியே பை மாட்டிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும். ஏப்ரல் 22.

சினைப்பை இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அது முடிந்தது. கர்ப்பப்பைதான் மிச்சம். அதன் சுவரும் வீங்கியிருக்கிறதாம். வைத்தால், குழந்தைக்கு ஒரு சின்ன வழி, மிகச் சின்ன வழி, திறந்திருக்கும். கூடவே அதன் வலியும் இருக்கும். எடுத்தால் அந்த வலி போகலாம். வழி மூடிவிடும். கையெழுத்துப் போடுகிற தாளில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது: எடுக்கலாம், எடுக்க வேண்டாம். மார்ச் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

இவரிடம் கேட்டேன். முதல் தடவையாக ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "எனக்கு நீ நடமாடினாப் போதும்" என்றார். அதுவும் பதில் ஆகவில்லை.

உன்னிடம் கேட்கிறேன். வேறு யாருக்கும் இந்த வாழ்க்கை தெரியாது. கர்ப்பப்பையை எடுத்தது உனக்கு உதவியதா இல்லையா? ஆண்டவன் பக்கத்திலிருந்து பதில் வேண்டாம். நோட்டிலிருந்து சொல்லு.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் கூட இருக்க ஒரு பெண் வேண்டுமாம். உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.


மார்ச் 16

அன்புள்ள வாலுவுக்கு,

நீ கேட்டபடி நோட்டிலிருந்து சொல்கிறேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

ஆப்பரேஷனுக்கு முந்தைய மூன்று வருடத்தில், மாதத்துக்குச் சராசரி பதினொரு நாள் வலி. அதில் ஐந்து நாள் பெருக்கல் குறி. ஆப்பரேஷனுக்குப் பிந்தைய முதல் வருடம் மாதத்துக்குச் சராசரி ஒரு நாள், பெரும்பாலும் புள்ளிதான். ஐந்தாம் வருடம் நான்கு நாள். இப்போது ஏழு நாள், அதில் மூன்று பெருக்கல். நீ கேட்ட அந்த முழு மாதம், ஒரு குறியும் இல்லாத மாதம், நூற்று முப்பத்திரண்டு மாதத்தில் பத்தொன்பது. ஒன்பது முதல் வருடத்திலேயே வந்துவிட்டது.

ஆகவே உதவியது. பொய் சொன்ன குற்ற உணர்வில் இப்போது இந்தப் பக்கமாகவும் பொய் சொல்லிவிடக் கூடாது. உதிரப்போக்கு நின்றது எனக்குப் பெரிய விடுதலை, அதை ஒரு நாளும் நினைத்து வருந்தியதில்லை. ஆனால் இப்போது வெளியூரில் படிக்கிற என் பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்கு எடுத்தார்கள். உனக்கு அப்படி இல்லை. எனக்கு ஒட்டியிருந்ததை எடுக்கவில்லை. உனக்கு எடுக்கப் போகிறார்கள். இந்த இரண்டு காரணத்தால் என் கணக்கு உன் கணக்காகாது. அந்தக் கட்டத்தில் இதைப் போடு என்று சொல்ல என் கை எழவில்லை. நீ எதைப் போட்டாலும், இந்த வீட்டில் யார் முன்னாலும் நான் உன் பக்கம் நின்று பேசுவேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சீட்டில் எழுதியிருந்ததையும் சொன்னேன். "நாங்கள்லாம் சொன்னோமா?" என்றாள். அவளுக்கும் இந்த வலி இருந்திருக்கிறது. நான் கேட்டேன், எழுந்து உள்ளே போய்விட்டாள். உன்னைப் பார்த்து அன்று சொன்ன சொல் எதிலிருந்து வந்தது என்று கொஞ்சம் புரிந்தது. அதனால் அது சரி என்று ஆகிவிடாது.

வெள்ளிக்கிழமை கூட்டத்திலும் எழுந்து நின்றேன். நீ கேட்டு இல்லை, நானாகத்தான். "எனக்கு வலி போகலை. மூணாவது மாசமே திரும்ப வந்துடுச்சு. இத்தனை வருஷம் உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தையல்காரம்மா என் கையைப் பிடித்தாள். எனக்கு அவளோடு அதிகம் பழக்கமில்லை. மார்பில் ஒரு கட்டி இருந்ததாம், போன வருடம் நான் எழுந்து பேசியதைக் கேட்ட பிறகு டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டாளாம். "அப்ப நான் போயிருக்கணுமா அக்கா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தைக்கக் கொடுத்த துணிக்கு அளவு கேட்பது போலத்தான் கேட்டாள். மறுநாள் காலை நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சீட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பரிசோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

நான் இன்னும் பிரார்த்தனை செய்கிறேன், வாலு. நீ சிரித்தாலும் சரி. ஆண்டவன் என்னை ஏமாற்றவில்லை. அவன் அனுப்பிய சீட்டை நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இப்போது வேண்டிக்கொள்ளும்போது என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். நீ ஊகித்துக்கொண்டே வீடு வந்த வழியைப் படித்த பிறகு, அந்தச் சொல் மிகச் சின்னதாகத் தெரிந்தது. எழுதாமல் விட்டேன்.

உன் டாக்டரம்மாவிடம் என்னையும் காட்டிக்கொள்ள நினைக்கிறேன். வாயைத் திறந்து சொல்ல எனக்கு வராது, நோட்டை அப்படியே நீட்டிவிடுவேன். ஆனால் அது உன் ஆஸ்பத்திரி. நான் அங்கே வருவது உனக்குப் பிடிக்காவிட்டால் இந்த ஊரிலேயே வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன்.

பத்து நாள் கூட இருக்க ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு இங்கே எந்த வேலையும் தடையில்லை. உன் அத்தானுக்கு ஒரு சோறு வடிக்கத் தெரியும், அம்மாவைச் சித்தி பார்த்துக்கொள்வாள். நான் வந்தால் உன் தலைமாட்டில் பிரார்த்தனை செய்ய மாட்டேன். வராந்தாவில் செய்துகொள்வேன். பை மாட்டினால் அதைக் கழற்றிக் கழுவ முன்பே கற்றுக்கொள்வேன். நீ பேச வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பேன்.

நான் வரலாமா, கூடாதா? ஒரு வரி போதும். கூடாது என்றாலும் எழுது. ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், சீக்கிரம் பதில் போடு.

அக்கா